கட்டளைத் தொடரின் இலக்கணம்

ஒரு தொடரைக் கேட்ட மாத்திரத்தே அதன்கண் வினை யாது, செயப்படுபொருள் யாது, இடையே நின்ற அடைமொழி எதனோடு இயைவது என்று பகுத்துணரும் ஆற்றல் மாந்தர்க்கு இளமையிலேயே வாய்த்துவிடுகின்றது. இலக்கண நூலோர் அவ்வாற்றலை ஆராய்ந்து விதியாக வகுத்தனரேயன்றிப் புதிதாகப் படைத்தாரல்லர். கணினிக்கோ அவ்வியற்கையறிவு சிறிதும் இல்லை. நாம் அதற்கு இடும் ஏவல் எத்துணைச் சிறிதாயினும், விதிவழிப் பகுக்கப்பட்ட பின்னரே அதற்குப் பொருள் தருவதாகும். அவ்விதியிலே மயக்கம் இருப்பின், கணினி ஐயுற்று நம்மை வினவாது. தனக்குப் பட்ட பொருளையே கொண்டு ஏவலை முடித்துவிடும். ஸ்கிரிப்டு மொழிகளில் இப்பகுப்பு எங்ஙனம் நிகழ்கின்றது, மயக்கம் எவ்வெவ்விடத்துப் பிறக்கின்றது, அதனை விலக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

தமிழ் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நகைப்போரும் உளர். பழைய நூல்களைக் கணினியில் ஏற்றிச் சொல்லடைவு தொகுப்பார் இந்நாளில் பலராயினர். ஒரு நூலின்கண் எச்சொல் எத்துணை முறை பயின்று வந்துள்ளது என்பதைக் கையால் எண்ணிக் குறிப்பதெனின் திங்கள் பல செல்லும். முப்பது நாற்பது வரிகளான் அமைந்த ஸ்கிரிப்டு ஒன்று அதனைச் சில நொடியிற் செய்து தரும். ஆயின், பன்னாள் மெய்ப்புப் பார்த்துத் திருத்திய மூலக் கோப்பினை ஒரு நொடியில் வெறுங்கோப்பாக்கிவிடவும் அதே ஸ்கிரிப்டினால் இயலும். அங்ஙனம் நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டளையைப் பகுக்கும் அந்த முதற்பத்து வரிகளிலேயே இருக்கக் காண்கின்றோம். ஆதலின் இஃது எம்மனோர்க்கும் வேண்டுவதொரு பொருளே.

இனி, கட்டளைத் தொடரின் உறுப்புக்களை நோக்குவோம். படங்களைத் தொட்டும் அழுத்தியும் கணினியை இயக்கும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தும், எழுத்தாற் கட்டளையிடும் முனையச் சாளரம் ஒன்று பெரும்பாலான கணினிகளில் உண்டு. அதில் ஒரு வரியைத் தட்டி முடித்தவுடன் ஏவல் நிகழும். நமது சொல்லடைவு ஸ்கிரிப்டிற்கு 'அடைவு' என்று பெயரிட்டுக்கொண்டோமாயின், அதற்கு இடும் கட்டளை பின்வருமாறு அமையலாம்:

அடைவு -ஆர் -என் 5 -ஓ முடிவு மூலம்

இதன்கண் 'ஆர்', 'என்', 'ஓ' என்பன ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்து; ஈண்டு ஒலி பற்றித் தமிழில் எழுதப்பட்டன. முதற்கண் நின்ற 'அடைவு' என்பது வினை. இறுதிக்கண் நின்ற 'மூலம்' என்னும் கோப்பு செயப்படுபொருள். இடையில் சிறுகோடு பெற்று நிற்பன ஆப்ஷன் எனப்படும் தெரிவுகள். 'ஆர்' என்னும் தெரிவு வரிசையைத் தலைகீழாக்குக என்பது. அது தனித்தே பொருள் தரும். 'என்' என்பது இத்துணை முறைக்குக் குறைந்து வந்த சொற்களை விடுக என்பது. 'ஓ' என்பது விடையை இன்ன கோப்பில் எழுதுக என்பது. இவ்விரண்டும் தமக்குப் பின் ஒரு மதிப்பினை அவாவி நிற்கும். எனவே தெரிவு இருவகைத்து: மதிப்பினை வேண்டாதது, வேண்டுவது என. இவ்வேறுபாட்டினை உள்ளத்தே கொள்க. பின்னர் வரும் இடர்ப்பாடெல்லாம் இதனைப் பற்றியே எழுவன.

தெரிவுக் குறியே இன்றி, முதலில் நிற்பது மூலம், அடுத்து நிற்பது விடைக் கோப்பு என்று இடம் பற்றிப் பொருள் கொள்ளுமாறு ஸ்கிரிப்டினை எழுதலாகாதோ எனின், எழுதலாம். பலரும் அங்ஙனமே எழுதுகின்றனர். பாஷ் என்னும் ஷெல் மொழியில் முதலாம் சொல்லை டாலர் குறியும் 1 என்னும் எண்ணும், இரண்டாம் சொல்லை டாலர் குறியும் 2 என்னும் எண்ணும் குறிக்கும். எளிமை கருதின் இதனினும் எளிய வழி இல்லை. ஆனால் 'அடைவு மூலம் முடிவு' என்பதற்கு மாறாக 'அடைவு முடிவு மூலம்' என்று ஒருவர் தட்டிவிடின், மூலத்தின்மேல் விடை எழுதப்பட்டு மூலம் அழியும். சொற்கள் இரண்டும் அவையே. இடம் ஒன்றே மாறியது. தமிழில் 'யானை கண்ட பாகன்' என்று உருபின்றி உரைக்குமிடத்துக் கண்டவன் பாகனோ, கண்டது யானையோ என்னும் ஐயம் பிறக்கின்றது. 'யானையைக் கண்ட பாகன்' என உருபு விரித்தவழி ஐயம் அகலுகின்றது. உருபு ஏற்ற பெயர் தொடரில் எங்கு நின்றாலும் பொருள் பிறழ்வதில்லை. நம் மொழியிற் சொற்கள் இடம்பெயர்ந்து உலவும் உரிமையெல்லாம் உருபின் கொடையே. கட்டளைத் தொடரில் தெரிவுக் குறி செய்வதும் அத்தொழிலே. 'ஓ' என்னும் குறி முன்னிற்பின், அடுத்து வரும் பெயர் விடைக் கோப்பே என்பது துணிபு. அது தொடரின் முற்பகுதியில் நிற்கலாம், என்னும் தெரிவுக்குப் பின்னும் நிற்கலாம். வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும், தெரிவுக்குறி முன்னே நிற்கும் என்பதொன்றே வேறுபாடு.

இவ்வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்ச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்குமுறையைத் தொடங்கினர். தொடக்கத்தே ஒவ்வொரு நிரலும் தன் தெரிவுகளைத் தன் மனம்போலப் பகுத்தது. அப்பழமையின் எச்சங்களை இன்றும் காணலாம்: 'டார்' என்னும் நிரல் சிறுகோடு இல்லாத எழுத்துக்களையும் தெரிவாக ஏற்கும், 'டிடி' என்னும் நிரல் சமக்குறியிட்ட சொற்களையே வேண்டும். பின்னர் 'கெட்டாப்ட்' என்னும் பொதுப் பகுப்பி தோன்றியது. ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தார் 1985-ல் டாலஸ் நகரத்தில் நிகழ்ந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூலநிரலை யாவரும் கொள்ளுமாறு வெளியிட்டனர். 1992-ல் வெளிவந்த போசிக்ஸ் நெறிமுறை, தெரிவு ஓரெழுத்தினதாதல் வேண்டும், தெரிவுகள் செயப்படுபொருட்கு முன்னே வருதல் வேண்டும் என்பன போன்ற விதிகளைத் தொகுத்துரைத்தது. இரு சிறுகோடு பெற்று வரும் நெடுந்தெரிவுகள் க்னூ நிரல்களால் பரவின. இந்நெறிகளை வழுவாது பின்பற்றும் நிரல்களும் உள, பின்பற்றாதனவும் உள. வழக்கென்பது எங்கும் அத்தகைத்தே போலும்.

நிற்க. நாம் தட்டிய வரி ஸ்கிரிப்டின் கையில் நேரே சென்று சேர்வதில்லை. இடையே ஷெல் என்னும் ஒன்று நின்று, அவ்வரியைச் சொற்களாக முதலிற் பிரிக்கின்றது. பிரிப்பதற்கு அது கொள்ளும் அடையாளம் வெற்றிடம். 'பழைய மூலம்' என்று இரு சொல்லால் ஒரு கோப்புக்குப் பெயரிட்டு, மேற்கோட்குறியிடாது தட்டின், ஷெல் அதனை இரு கோப்பின் பெயராகவே பிரிக்கும். மேற்கோட்குறி இட்டாற் பெயர் ஒன்றாய் நிற்கும். ஆயினும் ஸ்கிரிப்டினுள்ளே அதனை எடுத்தாளுங்கால் மீண்டும் மேற்கோட்குறி இடாது விடின், ஒருமுறை கூடிய பெயர் மறுமுறை பிரிந்துபோம். தனி நிரலாக வழங்கிய பழைய 'கெட்டாப்ட்' கட்டளைக்கு இக்குறை தீராது இருந்தது. வெற்றிடம் உடைய மதிப்பு அதன் வழியே சென்றால் சிதைந்தே வெளிவரும். அதற்கு மாற்றாகவே 'கெட்டாப்ட்ஸ்' என்பது ஷெல்லின் உள்ளுறுப்பாக 1986-ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது.

'கெட்டாப்ட்ஸ்' இயங்கும் முறை இது. ஸ்கிரிப்டு எழுதுவோன் தான் ஏற்கும் எழுத்துக்களை ஒரு கோவையாக அதற்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். மதிப்பினை அவாவும் எழுத்தின் பின் ஒரு முக்காற்புள்ளி இடுதல் வேண்டும். நம் ஸ்கிரிப்டிற்கு அக்கோவை: ஆர், என், முக்காற்புள்ளி, ஓ, முக்காற்புள்ளி என்பதாம். இவ்வைந்து குறியே அதன் இலக்கண நூல் முழுவதும். பின்னர் ஒரு சுழற்சி அமைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தெரிவினை அது பிரித்துத் தரும். அதற்குரிய மதிப்பு 'ஆப்டார்க்' என்னும் பெயரிலும், எத்தனையாம் சொல்வரை வந்தோம் என்பது 'ஆப்டிண்ட்' என்னும் பெயரிலும் கிடைக்கும். தெரிவல்லாத முதற்சொல்லைக் கண்டவுடன் அது நின்றுவிடும். ஆதலின் 'அடைவு மூலம் -ஆர்' என்று தட்டின், பின்னின்ற '-ஆர்' என்பது தெரிவாகாது. அப்பெயருடைய கோப்பாகவே எண்ணப்படும்.

ஓரெழுத்துத் தெரிவுகள் சிறுகோடு ஒன்றன்பின் தொகையாய்ப் புணர்தலும் உண்டு. '-ஆர் -என் 5' என்பதை ஆர், என், 5 என்னும் மூன்றனையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதலாம். பகுப்பி முதலில் 'ஆர்' என்பதைப் பிரிக்கும். அடுத்து 'என்' என்பதைப் பிரித்து, அது மதிப்பு வேண்டுவதாதலின், அச்சொல்லில் எஞ்சிய 5 என்பதை மதிப்பாகக் கொள்ளும். இனி அவ்விரண்டெழுத்தையும் முறைமாற்றி, 'என்' முன்னும் 'ஆர்' பின்னுமாக ஒட்டி எழுதி, ஓர் வெற்றிடம் விட்டு 5 என்று தட்டுக. எழுதியவன் கருத்து மாறவில்லை. பகுப்பியோ 'என்' என்பதைப் பிரித்தவுடன், எஞ்சி நின்ற 'ஆர்' என்னும் எழுத்தையே அதன் மதிப்பாகக் கொள்கின்றது; 5 என்பது தனித்து நின்று கோப்பின் பெயராகின்றது. தொகைச்சொல்லைத் தவறாகப் பிரித்த உரைகாரன் நூலாசிரியன் கருதாததொரு பொருளை ஏற்றியுரைப்பது போல்வது இது. ஒரு வேறுபாடு: உரைகாரனை மறுக்கப் பின்னொருவன் வருவான், ஈண்டு மறுப்பதற்குள் செயல் முடிந்திருக்கும்.

இதனினும் கொடியது ஒன்று உளது. அதனைச் சற்று விரித்தே உரைக்க வேண்டும். ஒருவன் விடைக் கோப்பின் பெயரை எழுத மறந்து,

அடைவு -ஓ -ஆர் மூலம்

என்று தட்டினான் என வைத்துக்கொள்வோம். படிக்கும் நமக்கு 'ஓ' என்பதன் பின் ஒரு பெயர் விடுபட்டது என்பது தெளிவு. 'கெட்டாப்ட்ஸ்' அங்ஙனம் எண்ணாது. 'ஓ' மதிப்பு வேண்டுவது. அடுத்து ஒரு சொல் நிற்கின்றது. எனவே அச்சொல்லே மதிப்பு. அது சிறுகோட்டொடு நிற்கின்றதே, ஒருகால் தெரிவாயிருக்குமோ என்னும் ஐயத்திற்கு அதன் விதியில் இடமில்லை. விளைவு யாதெனின், பிழையறிவிப்பு ஒன்றும் இன்றி, '-ஆர்' என்னும் பெயருடைய கோப்பு ஒன்று அக்கோப்புறையில் தோன்றிவிடும். வரிசையும் தலைகீழாகாது. அவன் விடையைக் காணாது வியந்து, கோப்பின் பெயரை இட்டு மறுபடியும் கட்டளையைத் தட்டித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவான். அக்கோப்போ அங்கேயே கிடக்கும்.

சின்னாட் கழித்து அக்கோப்புறையிலுள்ள வேண்டாத கோப்புக்களையெல்லாம் நீக்கக் கருதி, 'ஆர்எம்' என்னும் நீக்கற் கட்டளையை உடுக்குறியோடு தட்டுகின்றான். உடுக்குறியானது 'இங்குள்ள யாவும்' என்று பொருள்படும். 'ஆர்எம்' வெறுமனே ஏவப்படின் கோப்புக்களை மட்டுமே நீக்கும். உட்கோப்புறைகளைத் தொட மறுக்கும். அவன் அதனை நம்பியே ஏவினான். ஏனெனின் மூலங்களெல்லாம் உட்கோப்புறையில் உள்ளன. ஆனால் உடுக்குறியை விரித்துப் பெயர்களாக்குவது 'ஆர்எம்' அன்று, ஷெல். ஷெல் விரித்த பெயர்களுள் '-ஆர்' என்பதும் ஒன்று. 'ஆர்எம்' கட்டளைக்குச் சேர்ந்த வரியில் இது கோப்பின் பெயர், இது மனிதன் தட்டிய தெரிவு என்று வேறுபடுத்தும் அடையாளம் யாதும் இல்லை. '-ஆர்' என்பதோ அதற்கு 'உட்கோப்புறைகளையும் அவற்றுள் உள்ளனவற்றையும் நீக்குக' என்று பொருள்படுவதொரு தெரிவு! க்னூ முறையில் அமைந்த 'ஆர்எம்' தெரிவினைத் தொடரின் எவ்விடத்திற் கண்டாலும் தெரிவாகவே கொள்ளும். எனவே மூலங்கள் அனைத்தும் ஒருங்கே மறையும். அக்கேட்டிற்குக் காரணமான '-ஆர்' என்னும் கோப்பு மட்டும் தெரிவாக எண்ணப்பட்டமையால் அழியாது எஞ்சி நிற்கும். ஒரு தொடரில் நேர்ந்த பகுப்பு வழு, வேறொரு நாளில், வேறொரு தொடரில் வந்து பலிக்கின்றது. இவ்விரண்டற்கும் உள்ள தொடர்பை அவன் எங்ஙனம் உய்த்துணர்வான்?

இதற்கு மாற்று இரண்டு உள. உடுக்குறியின் முன்னே 'இக்கோப்புறையின்கண்' எனப் பொருள்படும் புள்ளியும் சாய்கோடும் இட்டால், விரிந்த பெயர் ஒவ்வொன்றும் புள்ளியில் தொடங்கும். சிறுகோட்டில் தொடங்காமையின் எதுவும் தெரிவென மயங்காது. மற்றொன்று, இரு சிறுகோட்டைத் தனிச் சொல்லாக இடுதல். இதன் பொருள், 'தெரிவு ஈண்டு முடிந்தது. இனி வருவன யாவும் செயப்படுபொருளே' என்பதாம். போசிக்ஸ் விதிகளுள் ஒன்றாகிய இதனைக் 'கெட்டாப்ட்ஸ்' தானே அறிந்து ஒழுகும். பொருளெதுவும் தானாகத் தராது, தொடரின் எல்லையை மட்டும் வரையறுத்து நிற்கும் இக்குறியை இடைச்சொல் என்றே யான் கருதுகின்றேன். ஸ்கிரிப்டு எழுதுவோர் தாம் பிற நிரலுக்குக் கோப்பின் பெயரை அனுப்புமிடந்தோறும் இதனை முன்னிடுவது நலம், பலர் இடுவதில்லை.

மதிப்பினைக் கொள்ளினும் கொள்ளலாம், கொள்ளாது விடினும் விடலாம் என்று அமைக்கப்படும் தெரிவு பெரிதும் இடர் தருவது. 'செட்' என்னும் திருத்து நிரலில் 'ஐ' என்னும் தெரிவு, கோப்பினை அவ்விடத்திலேயே திருத்துக என்பது. திருத்துமுன் பழைய படியைக் காத்து வைப்பதற்கு ஒரு பெயரொட்டினையும் அது பெறும். க்னூ முறையில் அவ்வொட்டு வேண்டுமாயின் 'ஐ' என்பதனோடு ஒட்டியே வருதல் வேண்டும். வேண்டாவிடின் இல்லாது ஒழியலாம். மேக் கணினிகளிலுள்ள 'செட்' நிரலிலோ அது தனிச் சொல்லாகவேனும் கட்டாயம் வருதல் வேண்டும். ஆதலின் 'செட் -ஐ -இ' என்று தொடங்கும் ஒரே கட்டளை, ஓரிடத்தில் இரு தெரிவாகவும், மற்றோரிடத்தில் '-இ' என்னும் ஒட்டினை மதிப்பாகக் கொண்ட ஒரு தெரிவாகவும் பகுக்கப்படுகின்றது. பின்னையதில் மூலத்தின் பெயரிறுதியில் அவ்வொட்டினைத் தாங்கிய வேண்டாக் கோப்பொன்று எஞ்சும். நாமெழுதும் ஸ்கிரிப்டுகளில் இவ்வகைத் தெரிவினை அறவே விலக்குதல் தகும்.

இனிப் பைத்தான் மொழியை நோக்குவோம். அதன் நூலகத்தில் 2010-ல் வெளிவந்த 2.7-ஆம் பதிப்பு முதல் 'ஆர்க்பார்ஸ்' என்னும் பகுப்பி அமைந்துள்ளது. 'கெட்டாப்ட்ஸ்' எழுத்தினை மட்டுமே அறியும். 'ஆர்க்பார்ஸ்' ஒவ்வொரு தெரிவின் இயல்பினையும் அறியும். 'என்' என்பதன் மதிப்பு முழுவெண்ணாதல் வேண்டும், 'ஓ' இன்றியமையாதது, 'ஆர்' மதிப்பு வேண்டாதது என்று முன்னரே அறிவித்துவிட்டால், பொருந்தாதன வந்தவழி அது பிழையறிவித்து, 2 என்னும் முடிவெண்ணோடு ஏவலை நிறுத்திவிடும். மேற்கூறிய வழுத்தொடர்களை இதனிடம் கொடுத்துப் பாருங்கள். 'என்' என்பதனோடு 'ஆர்' ஒட்டி வந்தவிடத்து, 'ஆர் என்பது முழுவெண் அன்று' என்று மறுக்கும். 'அடைவு -ஓ -ஆர் மூலம்' என்றவிடத்து, '-ஆர்' என்பது அறியப்பட்ட தெரிவாதலின் அதனை மதிப்பாகக் கொள்ளாது, 'ஓ என்பதற்கு மதிப்பு ஒன்று வேண்டும்' என்று கூறி நின்றுவிடும். சிறுகோட்டில் தொடங்கும் பெயரே ஒருவற்கு உண்மையில் வேண்டுமாயின், நெடுந்தெரிவின் பின் சமக்குறியிட்டு ஒட்டி எழுதினால் ஏற்றுக்கொள்ளும். மறுத்தற்கு அஞ்சாத இப்பண்பே இதன் சிறப்பென்பேன். மூலம் அழிந்தபின் வருந்துவதினும், கட்டளையை இருமுறை தட்டுவது எளிதன்றோ!

இப்பகுப்பியும் குறையற்றதன்று. நெடுந்தெரிவின் பெயரை முழுதும் எழுதாது, ஐயமின்றி அறியக்கூடிய அளவு முதலெழுத்துக்களை மட்டும் எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். '--வரிசை' என்பதற்கு '--வரி' என்றாலே போதும். பிற்காலத்து ஸ்கிரிப்டில் '--வரியெண்' என்று மற்றொரு தெரிவு சேர்க்கப்படின், நேற்றுவரை இயங்கிய '--வரி' இன்று இருபொருள்பட்டு மறுக்கப்படும். இவ்வுரிமையை நீக்கும் வழி 2015-ல் வந்த 3.5-ஆம் பதிப்பில் தரப்பட்டது. அதனைக் கையாளுதல் நன்று. மெய், பொய் என்னும் மதிப்புடைய தெரிவுக்குப் 'பூல்' என்னும் வகையைக் குறிப்பதும் தவறு; வெறுமையல்லாத எச்சொல்லும் அவ்வகையில் மெய்யாகவே கொள்ளப்படுமாதலின், பொய் எனப் பொருள்படும் 'ஃபால்ஸ்' என்னும் சொல்லைத் தட்டினும் மெய் என்றே முடியும்.

பகுத்தலும் செய்தலும் ஒன்றோடொன்று கலத்தலாகாது என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். 'கெட்டாப்ட்ஸ்' சுழற்சியில் 'ஓ' வந்தவுடன் அக்கோப்பினை எழுதுவதற்கெனத் திறந்துவிடுவார் உளர். எழுதுவதற்குத் திறந்த கணமே அதன் பழைய உள்ளடக்கம் அழியும். அடுத்த சுற்றில் அறியாத தெரிவொன்று வந்து, ஸ்கிரிப்டு பிழையறிவித்து நின்றால், வேலையும் நடந்திராது, பழைய விடையும் இராது. பைத்தானில் 'ஃபைல்டைப்' என்னும் வகையைக் குறித்தாலும் இதுவே நேரும். பகுக்கும்போதே அது கோப்பினைத் திறந்துவிடும். 2025-ல் வெளிவந்த 3.14-ஆம் பதிப்பில் அது கைவிடத்தக்கதெனக் குறிக்கப்பட்டது. தொடரை இறுதிவரை பகுத்து, மூலம் உளதா, விடைக் கோப்பும் மூலமும் ஒன்றேயாகாது வேறாய் உளவா என்று ஆராய்ந்து, அதன்பின்னரே கோப்பினைத் திறத்தல் வேண்டும்.

இறுதியாக, தமிழெழுத்தையே தெரிவாக்கலாமோ என்னும் வினா எம்மனோர்க்கு எழுவது இயல்பு. போசிக்ஸ் விதி அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாஷ் மொழியின் 'கெட்டாப்ட்ஸ்' எழுத்தை எழுத்தாக நோக்காது பைட்டு பைட்டாக நோக்குவது, யூ.டி.எஃப்-8 முறையில் 'க' என்னும் ஓரெழுத்து மூன்று பைட்டு ஆகலின், அதற்கு அஃது ஓரெழுத்தாகத் தோன்றாது. பைத்தானில் தமிழ்த் தெரிவுகள் இனிது இயலும். 'ஆர்க்பார்ஸ்' முழுவெண் வேண்டுமிடத்து ௫ என்று தமிழெண்ணில் தட்டினும் ஐந்து என்றே கொள்ளும்! ௧௨ என்பதைப் பன்னிரண்டெனக் கொள்ளும். ஆனால் பழைய முறைப்படி ௰௨ என்றெழுதின் மறுக்கும். பத்தைக் குறிக்கும் குறியை யூனிக்கோடு இலக்கமாக வகுக்காது, எண்ணுப்பெறும் வேறு குறியாக வகுத்தமையே அதற்குக் காரணம்.

ஆயினும் ஓரெழுத்துத் தெரிவில் இடர் உண்டு. 'கு' என்னும் உயிர்மெய் இலக்கணத்தார்க்கு ஓரெழுத்து. யூனிக்கோட்டிலோ அது ககரமும் உகரக் குறியுமாகிய இரண்டு குறியெண்கள். '-க' என்பதை மதிப்பு வேண்டும் தெரிவாக அறிவித்துவிட்டு, அறிவிக்காத '-கு' என்பதைத் தட்டின், 'ஆர்க்பார்ஸ்' அதனை மறுக்காது. '-க' என்னும் தெரிவும், அதன் மதிப்பாக உகரக் குறியொன்றும் என இரண்டாகப் பிரித்துவிடும். எனவே தமிழில் நெடுந்தெரிவே தக்கது: '--குறைந்தஅளவு', '--விடை', '--தொகுப்பு' என்றாற்போல.

நெடுந்தெரிவிலும் ஒன்று கருதுதல் வேண்டும். 'தொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் காலும் என இரு குறியெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பகுப்பி குறியெண்ணை ஒப்பிடுவதாதலின், ஒருவகையால் அறிவித்த '--தொகுப்பு' என்பதை மற்றொரு வகையால் தட்டினால், 'அறியாத தெரிவு' என்று கூறிவிடும். தட்டியவனோ திரையிலுள்ள இரண்டினையும் மாறி மாறி நோக்கி வேறுபாடு காணாது திகைப்பான். இதனைத் தீர்ப்பதற்கு, பகுப்பதன் முன் சொற்களை 'என்.எஃப்.சி.' என்னும் ஒருமுக வடிவிற்கு மாற்றிக்கொள்ளலாம். பைத்தான் நூலகத்திலேயே அதற்குக் கருவி உண்டு. ஆனால் எல்லாச் சொல்லையும் மாற்றிவிடுதல் கூடாது. இரு சிறுகோட்டில் தொடங்கும் சொல்லில் சமக்குறி வரையுள்ள பகுதியை மட்டுமே மாற்றுக. தனித்து நிற்கும் இரு சிறுகோட்டின் பின் வருவனவற்றைத் தொடற்க. அவை கோப்பின் பெயர்கள். பல கணினிகளில் கோப்பின் பெயர் எக்குறியெண்களால் எழுதப்பட்டதோ அக்குறியெண்களாலேயே வட்டில் நிற்கின்றது. நாம் அதனைத் திருத்தி அழைப்பின், கண்முன் இருக்கும் மூலமே 'அப்பெயருடைய கோப்பு இல்லை' என்னும் விடையைத் தந்து நிற்கும்.